மரகதத்துக்கு வலிக்காது

ஜூன் 9, ஞாயிறு

நாவல் எழுதும் வேலை கடைசியில் என் தலையில்தான் வந்து விழுந்தது. விழட்டும். ஊற்றுநெறி மன்றத்தில் பிழையில்லாமல் பத்து வரி எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கோபியில் இத்தனை வருடம் தமிழ் வாத்தியாராகக் குப்பை கொட்டியது வீண்போகவில்லை.

தலைவர் திருமலைசாமி சொன்னார்: “கட்டுரையெல்லாம் எவனும் படிக்கறதில்லீங்க வாத்தியாரய்யா. கதையில வச்சுக் குடுங்க. வாழைப்பழத்துக்குள்ள மாத்திரைய வச்சுக் குழந்தைக்குக் குடுக்கற மாதிரி.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மாத்திரை என்ற சொல்லே எங்கள் கூடத்துக்குள் வரக்கூடாது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எங்கள் நெறி எளிமையானது. உடம்பு ஓர் ஊற்று. கலங்கினால் தானே தெளியும். கையை விட்டுக் கலக்காதே. மருந்து, ஊசி, கத்தி எல்லாம் கலக்குகிற கைகள். என்னைக் கேட்டால் சத்தியம் பண்ணுவேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியும் போகாத என் இளைப்பு, மன்றத்துக்கு வந்து பச்சைக் காய்கறிக்கு மாறிய ஒரே வருடத்தில் போயே போய்விட்டது. மூச்சு விட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குத்தான் அந்த நன்றி புரியும்.

நாயகியின் பெயர் மரகதம். மார்பில் கட்டி. நெறியைப் பிடித்துக் குணமாகிறாள். புத்தகத்தின் பெயர் ‘தானே தெளியும்’. மார்கழி மாநாட்டில் வெளியீடு. விஷயம் தேடி எங்கும் அலைய வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது. என் மனைவி வசந்தாமணிக்குப் பங்குனியில் இடது மார்பில் நெல்லிக்காய் அளவு ஒன்று தட்டுப்பட்டது. அன்று முதல் அவளும் நெறியில்தான் இருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தப் புத்தகம் நமக்குப் பிள்ளை மாதிரி என்று அவளிடம் சொன்னேன். “சரிங்க” என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

முதல் அத்தியாயம் கூடத்தில் அரங்கேறியது. முறை என்னவென்றால், ஊறவைத்த அவலும் தேங்காயும் சாப்பிட்டு முடித்ததும் நான் எழுந்து வாசிப்பேன். நெறிக்குப் பொருந்தாத இடம் வந்தால் யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். நான் அங்கேயே திருத்த வேண்டும். குறை ஒன்றும் இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து “தெளிந்தது” என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு பிரம்மாவே வந்தாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது.

மரகதம் காலையில் காபி குடிப்பதாக எழுதியிருந்தேன். ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. இளநீராக்கினேன். அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு குழாயடியில் சண்டை போடுகிறாள். சினம் ஊற்றைக் கலக்கும் என்றார் தலைவர். சண்டையை எடுத்துவிட்டேன். பிறகு எல்லோரும் “தெளிந்தது” என்றார்கள். உடம்பு சிலிர்த்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது வசந்தா சொன்னாள்: “அந்தச் சண்டை நல்லாத்தானுங்க இருந்துச்சு. அதுல மட்டுந்தான் அவ வாயத் தொறந்து பேசுனா.”

இவளுக்கு இலக்கியம் என்ன தெரியும்!

ஜூலை 3

தண்ணீர்த் தொட்டி கழுவினோம். வசந்தாவால் குடத்தை இடுப்புக்கு ஏற்ற முடியவில்லை. வயதாகிறது.

ஜூலை 21, ஞாயிறு

டாக்டர் வருகிற அத்தியாயம். விரலில் தடிமனான தங்க மோதிரம், வாயைத் திறந்தால் கத்தி, கட்டணம். நான்கு பக்கத்துக்கு அவர் பேசுகிறார், மரகதம் ஆறு பக்கத்துக்கு மடக்குகிறாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பயமுறுத்துவதற்கு ஆள் வைத்துக்கூடப் பேசுவார்கள் என்கிறாள். கைதட்டல் அடங்கவே இல்லை. ஒரு கைகூட உயரவில்லை!

வீட்டுக்கு வந்ததும் வசந்தா ஆரம்பித்தாள்.

“ஏனுங்க, அந்த டாக்டருக்கு அப்பன் ஆத்தா கெடையாதுங்களா?”

“எதுக்குக் கேக்கற?”

“இல்ல, எங்க குருசாமியண்ணன் பையனுந்தான் டாக்டருக்குப் படிச்சிருக்கான். அவன் ஒருக்காவும் இப்படிப் பேசிக் கேட்டதில்ல. வாய்க்கு வாய் ‘சாப்டீங்களா அத்தை’ம்பான்.”

“நல்ல டாக்டரை வச்சா நெறி தோத்துப் போயிரும் வசந்தா.”

“நல்லவரு ஒருத்தரு வந்ததுக்கே தோத்துப்போகுங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாலை முழுக்க அவளோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும். மரகதத்தின் கட்டி பாதியாகக் கரையும் அத்தியாயத்தை வாசித்து முடித்தேன். “தெளிந்தது” சொல்வதற்கு முன் தலைவர் கையமர்த்தினார். பெண்கள் வரிசையில் இருந்த வசந்தாவைப் பார்த்து, “அம்மிணி, கதை கெடக்குது. உங்களுக்கு எப்படி இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

கூட்டத்தில் பேசுகிறவளே அல்ல இவள். எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினாளே பார்க்க வேண்டும்!

“பாதியாயிருச்சுங்க. போன வாரம் போர்வையத் தொவச்சுப் புழிஞ்சுட்டு இருந்தனுங்க. பாதி புழிஞ்சப்பறந்தான் நெனப்பு வந்துச்சு, அட, கை வலிக்கலையேன்னு. அப்படியே நின்னுட்டனுங்க. போர்வையில இருந்து தண்ணி காலு மேல சொட்டிட்டே இருக்குது, நான் பாட்டுக்கு நிக்கறேன். பக்கத்து வீட்டுப் புள்ள, ‘ஏனுங்கம்மா அழுவறீங்க’ன்னு கேக்குது.”

கூடத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்லக் கூடாது, என் அத்தியாயத்துக்கு இந்தக் கண்ணீர் வரவில்லை. அந்தப் போர்வையை அப்படியே மரகதத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில், “காட்டு பார்க்கலாம், எவ்வளவு குறைஞ்சிருக்குது?” என்றேன்.

“அப்பறம் பாக்கலாங்க. கீரை வாடுது” என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

செப்டம்பர் 2

கொடியில் காய்ந்த ரவிக்கை ஒன்றில் மார்புப் பக்கம் கறை. மருதாணி என்றாள். இவள் எப்போது மருதாணி அரைத்தாள் என்று கேட்க வாயெடுத்தேன். பதினோராம் அத்தியாயத்தின் தொடக்கம் அப்போதுதான் மனதில் கூடி வந்தது. போய் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நாச்சிமுத்து வந்திருந்தான். என்னிடம் படித்தவன், கோவையில் பதிப்பகம் வைத்திருக்கிறான். இதுவரை எழுதியதைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தேன். போட மாட்டானாம். காரணம் சொன்னான். ஒவ்வொன்றாக இங்கே எழுதி வைக்கிறேன், பதில் சொல்வதற்காக.

“ஐயா, உங்க கதையில எல்லாருக்கும் முடிவு முன்னாடியே தெரியுது. மரகதத்துக்குத் தெரியுது, டாக்டருக்குத் தெரியுது, அவங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியுது. யாருக்கும் பயமே இல்ல. அவங்களே பயப்படாதப்ப நான் எதுக்குங்கய்யா பயந்துட்டுப் பக்கத்தைத் திருப்பணும்?”

“கொள்கையைச் சொல்றது தப்பாடா?”

“தப்பே இல்ல. ஆனா கொள்கைக்குக் கதையில ஒரு ஆபத்து வரணும். தோத்தாலும் தோத்துரும்னு எழுதறவருக்கே உதறணும். நீங்க அதுக்குக் காவலுக்கு நிக்கறீங்க. டாக்டரைத் தோக்கறதுக்குன்னே பெத்து வளத்திருக்கீங்க. மரகதத்துக்கு வலிக்கவே மாட்டேங்குது. கட்டின்னு சொல்றீங்க, ஒரு நாள் ராத்திரியாவது அவ புரண்டு படுத்தாளா? உங்க பேச்சைத் தட்டி ஒரு வார்த்தை அவ பேசட்டும். அதுக்கப்பறம் அவ உங்க பக்கமே வந்தாலும் நான் நம்பறேன்.”

இதற்குள் வசந்தா மோர் கொண்டுவந்தாள். வலது கையில் மட்டும் பிடித்து, இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். டம்ளரை வாங்கியவன் குடிக்காமல் அவளையே பார்த்தான். அப்புறம் நாவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டியவன் திரும்பி வந்தான்.

“ஐயா, கதை கெடந்துட்டுப் போகுது. அம்மாவை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கார் வேணும்னா நான் கொண்டு வர்றேன்.”

என்ன திமிர்! புத்தகம் போட மாட்டேன் என்று சொல்ல வந்தவன் குடும்பத்துக்கு யோசனை சொல்கிறான். நீ கிளம்பு என்றேன். மன்றமே அச்சடித்துக்கொள்ளும்.

அக்டோபர் 6, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். வசந்தா விட்டத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“ஏனுங்க, மரகதத்தை ஒரே ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மாதானுங்க. போயி என்ன ஏதுன்னு காட்டிட்டு வந்துறட்டும். கதைதானுங்களே.”

“மன்றம் ஒத்துக்காது.”

“மன்றத்துல கேக்கறீங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவகிட்ட என்னத்தைக் கேக்கறது? அவ நான் எழுதுனவ.”

“ஆமாங்க. நீங்க எழுதுனவதான்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நாச்சிமுத்துவின் பேச்சை ஒட்டுக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. ஆளாளுக்கு விமர்சகர்கள் ஆகிவிட்டார்கள்.

அக்டோபர் 27, தீபாவளி

கடைசி அத்தியாயம் தெளிந்தது. மரகதத்தின் கட்டி இருந்த இடம் தெரியவில்லை. எல்லோரும் எழுந்து நின்று சொன்னார்கள். வசந்தா வரவில்லை, காலையிலிருந்தே எழுந்திருக்கவில்லை. முதுகுவலியாம். நெறிப்படி பட்டினி இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். நான் சொல்வதற்கு முன்பே அவள் பட்டினிதான் என்று திரும்பி வந்தபோது தெரிந்தது.

நவம்பர் 8

அச்சுப்படி வந்தது. வசந்தா படுத்திருக்கும் அறையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துத் திருத்தினேன். அறையில் ஏதோ நாற்றம். எலி செத்திருக்கும் என்று அலமாரியை நகர்த்தினேன், பரணில் ஏறிப் பார்த்தேன், பாயைத் தூக்கி உதறினேன். கிடைக்கவில்லை. சாம்பிராணி போட்டேன். வசந்தா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நான் தேடியதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 14

நாச்சிமுத்து சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவன் கேட்டபடி எழுதினால் எவ்வளவு மட்டமாக இருக்கும் என்று காட்டுவதற்காகவே மத்தியானம் உட்கார்ந்தேன். மரகதம் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அதே டாக்டர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன்.

டாக்டர் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவினார். நான் அவரைக் கழற்றச் சொல்லவில்லை. நோயாளியைத் தொடுவதற்கு முன் கழற்றுவார் போலிருக்கிறது. “எப்ப இருந்தும்மா வலிக்குது?” என்றார். மரகதம், “ஆடியில இருந்துங்க” என்றாள்.

ஆடியிலிருந்தா? ஆடியில்தானே பாதியாகக் கரைந்தது?

“வீட்டுல சொல்லலையா?”

“சொன்னா அவரு கதை நின்னு போயிருமுங்க. எழுதறப்ப அவரு மூஞ்சியப் பாக்கோணும் நீங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி இருந்ததில்ல.”

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. எழுந்து உள்ளே போனேன்.

“வசந்தா, காட்டு.”

இந்தத் தடவை கீரை வாடுகிறது என்று சொல்லவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வலது கையாலேயே ஊக்குகளைக் கழற்றினாள். உள்ளே பழைய துணியை மடித்து மடித்து வைத்திருந்தாள்.

நான் பார்த்ததை எழுத மாட்டேன். நாற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. பாவி நான், பரணில் ஏறித் தேடினேன்.

நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தேன். கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நவம்பர் 16

ஈரோட்டில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு சின்னப் பெண். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டதாம். “வலி தெரியாம பாத்துக்கலாங்கய்யா” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். ஆறு பக்கத்துக்குப் பதில் எழுதிப் பழகியவன் தலையை மட்டும் ஆட்டினேன்.

முதல் ஊசி போட்டதும் வசந்தா தூங்கினாள். வாய் திறந்து, குழந்தை தூங்குகிற மாதிரி. எத்தனை மாதமாக இப்படித் தூங்கவில்லையோ, எனக்குத் தெரியாது. பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

விழித்ததும் கேட்டேன், என்மேல் கோபமா என்று.

“கோவப்பட்டா வலி போயிருங்களா?” என்றாள். கொஞ்சம் கழித்து, “எனக்குங் கொஞ்சம் நம்பிக்கை இருந்துச்சுங்க. உங்க இளைப்பு போச்சே. நான் சொன்ன போர்வைக் கதை இருக்குதில்ல, அதை நானே நம்பிட்டேன் ரண்டு நாளைக்கு.”

வராந்தாவுக்கு வந்து அழுதேன். நாச்சிமுத்து பக்கத்தில் நின்றான்.

டிசம்பர் 2

புத்தகத்தை நிறுத்தச் சொல்லித் தலைவர் வீட்டுக்குப் போனேன். அச்சாகிக் கட்டுக் கட்டாக முன்னறையில் அடுக்கியிருந்தது. அட்டையில் தெளிந்த நீரில் ஒரு பெண்ணின் முகம்.

“வசந்தா சாகப் போறாளுங்க. இது பொய்ங்க. முழுக்கப் பொய்.”

“ஊத்து தெளியறதுக்கு நேரம் புடிக்கும் வாத்தியாரய்யா. நீங்க அவசரப்பட்டுக் கையை உட்டுக் கலக்கிட்டீங்க.”

“அவ உடம்புல புண்ணு வச்சிருச்சுங்க. நான் கண்ணால பாத்தேன்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: “எங்கம்மா ஆப்பரேசன் மேசையிலயே போனாங்க. சாதாரணக் குடலெறக்கம். காலையில எனக்குத் தோசை சுட்டுப் போட்டுட்டு நடந்து போனாங்க. நீங்க சொல்றது நெசம்னா, இத்தனை பேருகிட்ட நான் இத்தனை வருசமாச் சொன்னது என்னங்க?” அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. “அதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. மரகதம் இப்ப உங்களுதில்லைங்க. ‘தெளிந்தது’ன்னு எல்லாருஞ் சேர்ந்து சொன்னது.”

இவரை மட்டும் நாவலில் எழுதியிருந்தால்! நெறியைப் பற்றி ஓராயிரம் வரி எழுதினேன், அந்தத் தோசை எனக்குத் தெரியவே இல்லை. கட்டுகளைக் காலால் எட்டி உதைத்தேன். இரண்டு பேர் வந்து என்னைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

டிசம்பர் 22, ஞாயிறு

மாநாடு. போகவில்லை. புத்தகம் பந்தலிலேயே தீர்ந்துவிட்டதாம். மரகதம் வேறு யாருமல்ல, நம் வாத்தியாரய்யா வீட்டு அம்மாதான், இன்று பூரண நலம் என்று மேடையில் சொன்னார்களாம். நாச்சிமுத்து சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். வசந்தாவுக்கு இரண்டு கரண்டி கஞ்சி இறங்கியது.

ஜனவரி 5, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். காலையில் தலை வாரி விட்டேன். எனக்குப் பின்னத் தெரியவில்லை, கொண்டையாக முடிந்துவிட்டேன். “கொண்டை காக்கா கூடாட்டம் இருக்குதுங்க” என்று சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

பத்து மணி வாக்கில் போன் வந்தது. பல்லடம் பக்கமிருந்து ஒரு பெண். புத்தகத்தின் பின்னட்டையில் என் எண் இருக்கிறது.

“மரகதம் அக்கா வீடுங்களா?”

யாரென்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள், சின்னது இன்னும் பால் குடிக்கிறதாம். மார்பில் கட்டி. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார். “போறதாத்தானுங்க இருந்தேன். மாநாட்டுல புத்தகம் வாங்குனேன். ஒரே மூச்சுல படிச்சுட்டேன். இப்பப் பயமே இல்லீங்க. போகல.”

“அம்மா, அது கதை. நானாக் கட்டுனது. தயவுசெஞ்சு டாக்டர்கிட்டப் போம்மா.”

“நெசமா நடந்ததுன்னு மேடையிலயே சொன்னாங்களே! நீங்க ஏனுங்க இப்படிச் சொல்றீங்க? அக்காகிட்டக் குடுங்க. அவங்க சொன்னாக் கேட்டுக்கறேன்.”

போனைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். வசந்தா கையை நீட்டினாள். ஒலிபெருக்கியைப் போட்டு அவள் வாயருகே பிடித்தேன்.

“அம்மிணி, நாந்தான். அவரு எழுதுனதுல இருக்கறது நாந்தான். எனக்குச் சரியாகல. ஒரு நாளுங் குறையல. கூட்டத்துல பொய் சொன்னேன்.” மூச்சு வாங்கினாள். “வலி உசுரு போகுது கண்ணு. ராத்திரியெல்லாம் துணியக் கடிச்சுட்டுக் கெடந்தேன். சாகறதுக்குப் பயமா இருக்குது. நீ நாளைக்கே போ. புள்ளையத் தூக்கிட்டே போ. வெட்டச் சொன்னாலும் வெட்டிக்கோ.”

அந்தப் பக்கம் பின்னால் குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் பேசினாள், குரல் மாறியிருந்தது.

“நீங்க யாருங்க? ஆஸ்பத்திரிக்காரங்க இப்படியெல்லாம் ஆள் வச்சுப் பேசுவாங்கன்னு புத்தகத்துலயே எழுதியிருக்குது. மரகதம் அக்காவை எனக்குத் தெரியும். அவங்க இப்படிப் பேச மாட்டாங்க.”

வைத்துவிட்டாள்.

திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன், மணி அடித்து அடித்து நின்றது. வசந்தா கண்ணை மூடவில்லை. “போடுங்க” என்கிறாள். இப்போது மாலையாகிவிட்டது. இதை எழுதுகிற நேரத்திலும் போன் காதில்தான் இருக்கிறது. அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று பதிவுக் குரல் சொல்கிறது. “மறுபடி போடுங்க” என்கிறாள் வசந்தா. போட்டுக்கொண்டிருக்கிறேன்.